மூன்றாவது மேட்டின் விரிசல்

அன்பு மச்சான் செல்வநாதா,

நீ இருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நேரில் வந்து உன் காலில் விழுந்திருப்பேன்.

மழை விட்டதும் மறுபடியும் மண்வெட்டியை எடுத்தேன். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து நீ திரும்பியதும், ரெட்டியார்பாளையம் தாண்டி உங்கள் முந்திரித்தோப்பில் நாம் இருவருமாகப் போட்ட மோட்டார் சைக்கிள் பாதை ஒரு வருஷமாகப் புல் மண்டிக் கிடந்தது. வளைவுகளின் கரை கரைந்துவிட்டது. மேடுகள் சரிந்துவிட்டன. ஆனாலும் உன் பட்டாளத்து நண்பர்கள் விடவில்லை, இடிந்த மேடுகளின் மேலேயே தாவினார்கள். போன மாதம் ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. இனியும் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

போன வருஷம் நீ மேட்டிலிருந்து விழுந்ததற்கு முந்தின நாள், அந்தச் சனிக்கிழமை மாலையே விரிசலைப் பார்த்துவிட்டேன், மச்சான். மூன்றாவது மேட்டில், வண்டி இறங்கும் சரிவில், கை நுழையும் அளவுக்கு இருந்தது. உள்ளே தண்ணீர் அரித்திருந்தது. மேலாக மண்ணைத் தள்ளி மூடினேன்.

மறுநாள் காலை நீ கேட்டாய்: “ஈரம் போயிடுச்சா மச்சான்?”

“போயிடுச்சு. நீ போ.”

டவுனிலிருந்து நண்பர்கள் வந்து நின்றார்கள். எல்லாம் தயார் என்று அவர்களிடம் பெருமையடித்திருந்தேன். இப்போது இல்லையென்றால் சிரிப்பார்களே என்ற வெட்கம். வேறொன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் உன் தங்கை சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “வேகமா வந்துட்டேன் தங்கச்சி. யாரையும் குத்தம் சொல்லாதீங்க.” அவள் கணவன் நான், கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாய். தெரிந்துதான் சொன்னாயா? மூன்றாம் நாள் போய்விட்டாய். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று முதல் வருகிறவர்களிடமெல்லாம் உன் அம்மா, “எம்புள்ள திமிரு புடிச்சுப் போயி செத்தான்” என்று சொல்லி அழுதாள். பக்கத்தில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் மூன்றாவது மேட்டை வெட்டும்போது மண்வெட்டி அந்தப் பொந்துக்குள் இறங்கியது. அதற்கு மேல் கை ஓடவில்லை. சரோஜாவைக் கூட்டிக்கொண்டு உப்பளம் பகுதியில் அத்தை வீட்டுக்கு, உன் அம்மாவிடம் போய், இருவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சரோஜா முதல்முறையாக என்னை ஒருமையில் பேசினாள். “ஒரு வருஷம் எங்கூட ஒக்காந்து சோறு தின்னியே, எப்புடி எறங்குச்சு?” அவள் என்னோடு திரும்பி வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தை ரிக்‌ஷாவில் தோப்புக்கு வந்தாள். வெட்டிப்போட்ட மேட்டை நெடுநேரம் பார்த்தாள்.

“எல்லாத்தையும் தரமட்டம் ஆக்கிடட்டுமா அத்தை?”

“ஆக்கிட்டு நீ நிம்மதியா இருக்கலாம்னு பாக்குறியா? வாணாம். கட்டு. கட்டுனதும் மொதல்ல நீ ஏறு. ஒவ்வொரு தடவையும் நீதான் மொதல்ல.”

“எனக்கு பயமா இருக்கு அத்தை.”

“எம்புள்ளைக்கு பயமில்ல. ஒன்ன நம்புனான்.”

பொந்தைக் கெட்டித்தரை வரை தோண்டினேன். கல் அடுக்கி, செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்காக இடித்தேன். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. நன்றாகக் காயவிட்டு, நேற்று உன் வண்டியை எடுத்தேன். மேட்டுக்கு முன்னால் இரண்டு முறை கால் ஊன்றி நின்றுவிட்டேன். அப்புறம் கண்ணை மூடாமல் தாவினேன். சரிவு தாங்கியது.

வண்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து கத்தி அழுதேன். ஏன் தாங்கியது, மச்சான்? ஒரே ஒரு நாள் வேலை. அதை அன்றைக்கே செய்திருக்கக் கூடாதா?

சரோஜா இன்னும் வரவில்லை. வருவாளா தெரியாது. அத்தை இப்போது கேட்கிறவர்களிடம் என் பெயரைத்தான் சொல்கிறாள். சொல்லட்டும். உன் பெயரிலிருந்த பழியாவது நீங்கட்டும்.

நான் ஓட்டிப் பார்க்காத மேட்டில் இனி யார் சக்கரமும் ஏறாது. எத்தனை பேர் நின்று சிரித்தாலும் ஈரத்தை ஈரம் என்றே சொல்வேன். என் கை கால் ஓடும்வரை இது நடக்கும்.

மச்சானென்று சொல்லிக்கொள்ள இன்னும் உரிமை உண்டா என்று தெரியாத,
உன் மச்சான்
குப்புசாமி