ஆளில்லாமல் திரும்பிய குதிரை

1943 பிப்ரவரி 8, எண்ணூர்

சுண்ணாம்புக் காளவாயில் இன்றும் ஒரே புகை. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் இரண்டு குடும்பம் ராயபுரத்தில் இருக்கிறதாம். வேலை முடிந்து போய் விசாரித்தேன். என் வீட்டுக்காரர் சூசையைத் தெரியாது என்றார்கள். ரங்கூனில் எத்தனை சூசையோ.

பிப்ரவரி 11

கால்வாய்ப் படகில் வடக்கேயிருந்து சுடுவதற்குக் கல் வந்தது. அதில் ஒரு கற்பலகையில் சிற்பம். குதிரை தலை குனிந்து நிற்கிறது, முதுகில் ஆள் இல்லை. பக்கத்தில் ஒருவன் கையில் நகைகளோடு நிற்கிறான். எதிரே ஒருத்தி தரையில் சரிந்து கிடக்கிறாள். மூக்கு உடைந்திருக்கிறது. ஆனாலும் அழுவது தெரிகிறது.

இதை மட்டும் விட்டுவிடலாமே என்று முதலாளி வெள்ளத்துரையிடம் கேட்டேன். "நல்லா வேகுற கல்லும்மா. நீ என்ன, கும்பிடவா போற?" என்றார்.

பிப்ரவரி 12

வண்டிக்கார ரஹீம், மழைக்காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன், அதிகம் பேசமாட்டான், பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். இது என்ன கதை என்றேன்.

"புத்தரு கதெக்கா. ரங்கூன்ல பாத்துக்கீறேன். ராசா மவன் வூட்ட வுட்டு காட்டுக்குப் பூட்டாரு. குதிர மட்டும் திரும்பி வந்துகீது."

"நகையோட நிக்கிறது?"

"வேலக்காரன். அவருகூடப் போனவன். பொஞ்சாதியாண்ட வந்து சொல்லணுமே..."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். கிட்டே போய்க் கேட்டேன். "நீ ரங்கூன்லயா இருந்தே?"

"சூசை அண்ணங்கூடத்தான் நடந்து வந்தேன் யக்கா. மலையில காலரா. நாந்தான் குழி வெட்னேன். உன்னாண்ட சொல்லத்தான் இங்க வேலைக்கே சேந்தேன். தெனம் உன் மூஞ்சியப் பாப்பேன். வாய் வர்ல."

ஐயோ, இதை ஏன் எழுதுகிறேன்?

பிப்ரவரி 13

வேலைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 15

பலகையை உடைத்துக் காளவாயில் போட்டுவிட்டார்கள். அழுதேன். கல்லுக்கா, அவருக்கா?

ரஹீமைக் கண்டதும் ஆத்திரம் தாங்கவில்லை. "தெருத்தெருவா விசாரிச்சிக்கினு அலைஞ்சேனே, பாத்துக்கினு இருந்தியே, நீயெல்லாம் மனுசனா!" என்று கத்தினேன். கல் இறக்குவதை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 22

சூசைக்காக இன்று மாதா கோயிலில் பூசை. செத்தவர்களின் பெயரோடு அவர் பெயரையும் சாமியார் வாசித்தார். ரஹீம் கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தான். எழுந்து போய்க் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி உள்ளே வந்து கடைசித் தூணருகே நின்றான்.

பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்டேன், கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று.

"ஒண்ணும் சொல்லல யக்கா. தண்ணி கேட்டாரு. இருந்துச்சு. குட்தேன்."