கதவுக்கு வெளியே பதினோரு வீடுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நோயெலி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? படகில் ஏறும்போது யாராவது கை கொடுக்கிறார்களா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் ஊர் ஓடையில் கட்டப்போகும் வெள்ளக் கதவுகளுக்கு இங்கே டென்வரில் எங்கள் அலுவலகம்தான் திட்டம் போடுகிறது. செலவு குறைவு என்று சர்ச்சுக்குப் பக்கத்து இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். புயலில் கதவை மூடினால் ஊர் தப்பிவிடும். ஆனால் கதவுக்கு வெளியே, கடல் பக்கம் மாட்டிக்கொள்ளும் நம் தெருவின் பதினோரு வீடுகளிலும் கடல் தண்ணீர் ஏறி நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நம் வீட்டில் ஜன்னல் வரை முழுகும்.

அலுவலகக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். என் மேலதிகாரி கார்லா, "அந்தப் பதினோரு வீட்டுல உன் வீடும் ஒண்ணா? முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? சொந்த வீடு சம்பந்தப்பட்டிருக்கிறப்போ இனி நீ இந்தத் திட்டத்துல இருக்க முடியாது" என்றாள். திட்டவில்லை அப்பா, வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள்.

சமையலறைச் சுவரில் போன புயலின் தண்ணீர்க் கறை இருக்கிறதே, அதற்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். சாட்சிக்கு அதன் உயரத்தை அளந்து படமெடுத்து வையுங்கள். முடிந்தால் கொஞ்சம் காய்ந்த இறால் அனுப்புங்கள். இங்கே தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நம் பள்ளிக்கூட ஹாலில் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு இடத்தை மாற்ற முடியாது. "எனக்கெதுக்கு மைக்கு?" என்பீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இந்த ஒரு முறை பேசுங்கள். கதவை நம் தெருவுக்குக் கீழே, கடல் பக்கம் தள்ளச் சொல்லுங்கள்.

செலவை மட்டும் பார்த்து, சர்ச்சுப் பக்கத்து இடத்தை வரைபடத்தில் முதலில் குறித்தவள் நான்தான் அப்பா. அதை அழிக்க இப்போது என்னை விடமாட்டார்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

நோயெலி