பளபளா துடைத்த பிரேக்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், அதில் பாதியைத்தான் நம்பினேன். கடிதம் நர்ஸ் கையெழுத்தில் இருந்தது. எழுத்து மணிமணியாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடு. ஆனால் "நான்தான் பிரேக்கை லேட்டாகப் பிடித்தேனோ என்னவோ, போகட்டும் விடு" என்று அவரை எழுத வைத்திருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. இன்னொரு தடவை அப்படி எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நான் விடுவதாக இல்லை. சைக்கிள் கடைக்காரர், எதைக் கொடுத்தாலும் துடைத்துத் துடைத்துத் தருகிற நம் பளபளா, ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார் தெரியுமா? முடிவெட்டும் கடையில் சொல்லியிருக்கிறார், மருந்துக் கடையில் சொல்லியிருக்கிறார். "பையன் நல்ல பையன்தான், ஆனா இறக்கத்துல கண்ணு மண்ணு தெரியாம வருவான். பிரேக் என்ன பண்ணும் பாவம்" என்றாராம். பிரேக்குக்குப் பாவம் பார்க்கிற மனிதர் உனக்குப் பார்க்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு சைக்கிள் குழுவில் வழிகாட்டிகள் பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்துவிட்டார்கள். நீ விழுந்த அந்தத் தண்ணீர்த் தொட்டி மேட்டு இறக்கத்தில் எங்கே, எவ்வளவு பிரேக் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததே நீதான். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுநாள் மாடிப்படிக்குக் கீழே கிடந்த உன் பழைய மலை சைக்கிளை வெளியே இழுத்தேன். ரப்பர் கட்டை வைத்த பிரேக்கோடு நீ காலேஜுக்கு ஓட்டிய அதே சைக்கிள்தான். "திரும்பவும் அந்தச் சனியனா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டிஸ்க் பிரேக் மாட்டப் போகிறேன் என்றேன். இருக்கிற செலவு போதாதா என்றாள். செலவே இல்லை, உடைந்த சைக்கிளே எல்லாம் தரும் என்றேன். அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். அது நான் சொன்ன விதம் சரியில்லை.

ஆனால் உண்மை. உன்னைக் கீழே தள்ளிய அந்தப் புது சைக்கிளிலிருந்து பிரேக்குகளைக் கழற்றினேன். நல்ல வேளையாக அவை கேபிளில் இழுக்கிற வகை. பின் சக்கரம் அப்படியே பொருந்தியது. முன் சக்கரம் கோணிப் போயிருந்ததால் அதிலிருந்து பிரேக் கவ்வுகிற இரும்புத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய சாமான் கடையில் தட்டு மாட்ட ஆறு துளை உள்ள சக்கரமாகத் தேடி வாங்கினேன். முன்பக்கம் பிரேக்கைத் திருகி மாட்ட, துளை வைத்த காது சட்டத்திலேயே இருந்தது. பின்பக்கம் இல்லை. எங்கள் தையல் கம்பெனி லேத்காரர் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பட்டை வெட்டித் துளை போட்டுக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார், அவர் மகளுக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தேன்.

பிரேக் கட்டைகளைக் கையில் எடுத்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. விரலில் வழுவழுவென்று இருந்தது. எங்கள் தையல் கூடத்தில் மெஷினுக்கு எண்ணெய் விட்டால், முதலில் கழிவுத் துணியில் நாலு வரி ஓட்டிப் பார்ப்போம். கறை வராவிட்டால்தான் நல்ல துணியை வைப்போம். அந்தப் பழக்கத்தில் கட்டைகளை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். துணியில் நாலு கறை, கட்டைக்கு ஒன்றாக. சங்கிலி எண்ணெய் வாசனை. டிஸ்க் தட்டில் துளி எண்ணெய் பட்டாலும் கட்டை குடித்துவிடும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது என்று எனக்குச் சொன்னதே நீதான். நீ ஓட்டியதில் தப்பில்லை அண்ணா. உன் கையிலும் தப்பில்லை.

அந்த எண்ணெய்க் கட்டைகளையே பழைய சைக்கிளில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குத் தள்ளிக்கொண்டே போனேன். குழுவில் இருபது பேர் இருந்தார்கள், நடுவில் பளபளா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "நீங்க மாட்டிக் குடுத்த அதே பிரேக், அதே கட்டை. பிரேக்ல குத்தம் இல்லேன்னீங்களே, கீழ வரைக்கும் ஒரு தடவை எறங்கிக் காட்டுங்க."

சிரித்துக்கொண்டேதான் ஏறினார். சமதளத்தில் பத்தடி போய் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் அது பாட்டுக்குப் போனது. இன்னொரு தரம் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார், அப்போதும் போனது. காலை ஊன்றித்தான் நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை. "சீட்டு உயரம் எனக்கு ஒத்து வரல" என்று இறங்கினார். சீட்டை இறக்கித் தருகிறேன் என்று ஸ்பேனரை எடுத்தேன். வாங்கவில்லை. அப்புறம் வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினேன். ஒவ்வொருவராக அவரைவிட்டு நகர்ந்து என் பக்கம் வந்து நின்றார்கள். அவர் நிஜமாகவே அந்த இறக்கத்தில் ஓட்டியிருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று கேட்காதே. உன்னிடம் பொய் சொல்ல வராது.

உன் பெயரைத் திரும்ப எழுதிவிட்டார்கள், பட்டியலில் முதலாவதாக. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத் தித்தித்திருக்க வேண்டும்.

தித்திக்கவில்லை. போகும்போது பளபளா என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னார். "கொஞ்சம் நல்லா தொடைச்சுக் குடுங்கன்னு அன்னிக்குக் கேட்டது நீதானம்மா."

நான்தான் அண்ணா. புது சைக்கிள் எடுக்கப் போன அன்றைக்கு நீ ரசீது வாங்க உள்ளே போயிருந்தாய். சக்கரத்துத் தட்டுகளில் விரல் அடையாளமாக இருந்தது. என் அண்ணன் வண்டி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் சங்கிலி துடைத்த துணியாலேயே இரண்டு தட்டையும் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஜொலிக்கிறது என்று சொல்லவும் செய்தேன். கேட்டது நான் என்றாலும் எந்தத் துணியால் துடைப்பது என்று தெரிந்திருக்க வேண்டியது அவர். இதை ஒரு நாளைக்கு நூறு தடவை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவரை மன்னிக்க மாட்டேன், சாகிற வரை மன்னிக்க மாட்டேன். என்னை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. உன் வலது கையைப் பற்றி டாக்டரே போனில் நம் அம்மாவிடம் சொல்லிவிட்டார். இனி அதில் பிடிப்பு வராதாம். நீ மூன்று கடிதமாக மறைத்தது போதும்.

எண்ணெய்க் கட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். புதுக் கட்டை வாங்கி, தட்டுகளை ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்தேன், மூன்று முறையும் புதுத் துணி. புதுக் கட்டை பழகினால்தான் பிடிக்கும் என்பதால் நம் தெருவில் வேகமாகப் போய்ப் போய் நாற்பது தடவை நிறுத்தினேன். எதிர் வீட்டுக்காரர் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாராம். இப்போது தொட்டால் நிற்கிறது. வலது பக்கத்து பிரேக் பிடியைக் கழற்றிவிட்டேன். ஒரே பிடியில் இரண்டு கேபிளையும் இழுக்கிற பிடி ஒன்று இருக்கிறது, மூன்று சக்கர வண்டிக்காரர்கள் வைத்திருப்பார்கள். அதைத் தேடி வாங்கி இடது பக்கம் மாட்டியிருக்கிறேன். ஒரே கையில் இரண்டு சக்கரமும் நிற்கும்.

ஆனால் பிடியை உன் விரலுக்கு எட்டுகிற மாதிரி வைக்க எனக்கு அளவு வேண்டும். என் கை சின்னது, அதை வைத்துச் சரியாக வராது. உன் இடது கையை ஒரு தாளில் விரித்து வை. சுற்றி வரைய நர்ஸைக் கேள். அவர் கையால் எழுதுகிற கடிதம் இனி எனக்கு வேண்டாம், அந்தத் தாளை மட்டும் அனுப்பு. என் மேல் கோபம் இல்லை என்றால், அதன் அடியில் உன் இடது கையாலேயே, கோணல்மாணலாக இருந்தாலும் சரி, நீ என்னைக் கூப்பிடுகிற பெயரை எழுது.

அதற்காகக் காத்திருக்கும்,
உன் சண்டைக்கோழி