டாலர் இறங்கட்டும் என்று காத்திருந்த மார்ச்

மார்ச் 4
மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "வால்வு வெளிநாட்டுலேர்ந்து வருது சார். விலை டாலர்ல. நீங்க கட்டுற அன்னிக்கு என்ன ரேட்டோ அதுதான்." மனைவியின் இதய வால்வை இந்த மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும். சேமிப்பு போதும். இன்று ஒரு டாலருக்கு நம் பணம் 212. கொஞ்சம் அதிகம்தான்.

மார்ச் 5
நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டி, பன்னிரண்டு ஆண்டுகளின் மாதச் சராசரி விகிதங்களை எடுத்து வந்தேன். வரைபடத்தாளில் புள்ளி வைத்து, அடிக்கோலால் இணைத்து, அலமாரிக் கதவில் ஒட்டினேன். ஒவ்வொரு மார்ச்சிலும் டாலர் இறங்குகிறது. ஏற்றுமதிப் பணம் உள்ளே வரும் மாதம். பரீட்சை முடிந்தால் விடுமுறை வருவது போல, தப்பவே தப்பாது. ஒரு வாரம் பொறுத்தால் அவளுடைய ஓராண்டு மாத்திரைச் செலவு மிஞ்சும்.
கதவைப் பிடித்து மூச்சு வாங்கியபடி பார்த்தாள். "ஸ்கூல்லேர்ந்து நீங்க ரிட்டயர் ஆனீங்க. கணக்கு இன்னும் ஆகலையா?"

மார்ச் 9
219. காய்ச்சல் ஏறித்தானே இறங்கும்?

மார்ச் 11
231. வங்கி வாசலில் கூட்டம். நாணய மாற்றுக் கடைக்காரர் பலகையில் எண்ணை அழித்து எழுதிக்கொண்டே இருந்தார்.
"இறங்குமா?" என்றேன்.
"நான் டாலர் விக்கிறவன் ஐயா. ஜோசியம் பக்கத்துக் கடை."
வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 12
குளித்துவிட்டு வந்தவள் நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம்.

மார்ச் 13
247. இனி சேமிப்பு பத்தாது. பயமா இருக்கு. பொறுக்கலாம்னு சொன்னது யாரு? நான்தானே. அவ ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையே—
பிறகு அவளே பேசினாள். "மாசச் சராசரி வெயில் இதமாத்தான் இருக்கு, அதுக்காக உச்சிவெயில்ல வெறுங்காலோட மைதானத்துல நிப்பியான்னு பசங்களக் கேப்பீங்களே. இப்ப நீங்க எங்க நிக்கிறீங்க?"
கோபமே இல்லை அவள் குரலில். அதுதான் தாங்கவில்லை. நான் பிடித்திருந்த அவள் கை சில்லென்று இருந்தது.
முப்பது வருடம் இந்த உதாரணத்தைச் சொல்லியிருக்கிறேன். சராசரி என்பது மாதத்துக்கு. கட்டப்போவது ஒரு நாளில்.

மார்ச் 14
ஸ்கூட்டரை விற்றேன். மீதிக்கு அவள் அண்ணனிடம் போனேன். வாசலில் நின்று பேச்சைத் தொடங்கத் தெரியாமல் வெயிலைப் பற்றிப் பேசினேன். "மாப்ள, வெயிலைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க? உள்ள வாங்க," என்றார். குறைந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்.
251-க்குக் கட்டினேன். "இந்த அளவுல ஒண்ணுதான் சார் இருப்பு இருக்கு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா சொல்ல முடியாது," என்றாள் கணக்குப் பிரிவுப் பெண். ரசீதை நான்காக மடித்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 16
அறுவை அரங்கின் கதவு இன்னும் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் பேப்பரை நீட்டினார். பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அவள் கண்ணாடி என் சட்டைப் பையில். அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.
கதவு திறக்கிறது. வேறு யாருக்கோ.

மார்ச் 17
கண்ணைத் திறந்தாள். "கண்ணாடி எங்கங்க?"

மார்ச் 27
டாலர் 209. என் கோடு சொன்னபடியே இறங்கிவிட்டது, கொஞ்சம் பிந்தி. அவள் இதயம் அதுவரை பொறுத்திருக்குமா? யோசிக்கவே கூடாது என்று வைத்திருக்கிறேன். யோசிக்கிறேன்.

ஏப்ரல் 6
வீடு. பக்கத்தில் உட்கார்ந்தால் வால்வின் சத்தம் கேட்கிறது, டிக், டிக்.
"அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், தூக்கம் வரல."
"அது நீதான்," என்றேன்.
அலமாரித் தாளைத் திருப்பி ஒட்டியிருக்கிறேன். பின்பக்கத்தில், புது வால்வுக்காகப் பார்க்கச் சொன்ன அவள் ரத்தம் உறையும் அளவு, பரிசோதனைக்கு ஒரு புள்ளி. இன்றைய புள்ளியையும் வைத்தேன். அடிக்கோல் கையில்தான் இருந்தது. கோடு போடவில்லை.