யாரோ கட்டிய தாலாட்டு

என் ஆசைத் தம்பிக்கு,

நீ ஆசைப்பட்ட நிகழ்ச்சி ஒருவழியாக நடந்தது. நடந்தது என்று சொல்லலாமா என்றுதான் தெரியவில்லை.

ராணுவ ஆட்சியை எதிர்த்து நீ பர்மிய மொழியில் கட்டிய பாட்டுகளை, நையாண்டியும் ஆட்டமும் கலந்து, மேடை இல்லாமல் ஆட்கள் நடுவிலேயே நின்று பாட வேண்டும், அதற்குப் பேர் கேபரே என்பாயே. அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னதும் பதறிவிட்டாள். "அரைகுறைத் துணியில ஆடுவாங்களே, அதாடி? செத்த பிள்ளைக்கு அதெல்லாம் வேணாம்." புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. புரிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பியவளும் அவள்தான்.

நிகழ்ச்சிக்கு இடம், லத்தா பேட்டையில் உன் பர்மியத் தோழி மா திரியின் மாடி வீடு. நாலு பேர் கூடினாலே வார்டு ஆபீசிலிருந்து வந்து விசாரிக்கிற காலம். என்ன சாக்குச் சொல்வது? வளைகாப்பு என்று சொல்லுங்கள் என்றாள் அம்மா. திரி வயிற்றில் தலையணையைக் கட்டினோம். அன்றைக்கு அவள் தமிழ் வீட்டு மருமகள், புருஷன் மலேசியாவில் வேலை, அம்மா மாமியார். உன்னோடு கிடார் வாசித்த பர்மியப் பையன்கள்தான் பெண்வீட்டார்! அவர்கள் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறியதைப் பார்த்திருந்தால் நீ உருண்டு உருண்டு சிரித்திருப்பாய்.

மத்தியானம், கரண்ட் இல்லை. மார்பில் சோடா மூடிகளைக் குத்திக்கொண்டு ஒருவன் ஜெனரலாக வந்து ஆடிவிட்டுப் போனான். அடுத்தது உன் பாட்டு. எந்தப் பாட்டுக்காக உன்னைப் பிடித்துக்கொண்டு போனார்களோ, அதே பாட்டு. நான்தான் பாட வேண்டும். உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். உன் உடம்பைக்கூட அவர்கள் கொடுக்கவில்லை. காரியத்தையும் வாயைப் பொத்திக்கொண்டே முடித்தோம். ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால் உன் பேர் சத்தமாகக் கேட்க வேண்டும் அவளுக்கு.

வாயைத் திறக்கிறேன், படியில் செருப்புச் சத்தம். வார்டு அதிகாரியின் மனைவி டோ மியா, கையில் குழந்தைச் சோப்புப் பெட்டியோடு. ஜெனரல் துண்டைப் போர்த்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினான். அந்தம்மா முன்னால் வந்து உட்கார்ந்து, "பாடும்மா, எனக்காக நிறுத்தாதே" என்றார் அன்பாக. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற பொறுப்பு அவர் புருஷனுக்கு. அந்த அறையில் இருந்த பையன்கள் எல்லோருக்கும் அந்த வயசு.

நான் என்ன செய்வேன்? வார்த்தைகளை விழுங்கிவிட்டு, மெட்டை மட்டும் மெதுவாக முனகினேன், பிள்ளையைத் தூங்கவைப்பது மாதிரி. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த மெட்டு தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

"மனசை என்னமோ பண்ணுதே. யார் கட்டின பாட்டு?"

திரியின் கைக்கு வளையல் ஏற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்: "எங்க தமிழ்த் தாலாட்டும்மா. யாரோ கட்டினது, பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"உங்க மகன் கொடுத்துவச்சவர்" என்று வாழ்த்திவிட்டு, புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார் அந்தம்மா. நல்ல மனுஷிதான். அதற்குப் பிறகு யாருக்கும் பாட மனசு வரவில்லை. ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டோம்.

நம் ஊர் கியாக்தானுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள். "பெத்தவ நானே அவனை யாரோன்னுட்டேனேடி."

"அத்தனை பிள்ளைங்களைக் காப்பாத்தியிருக்கேம்மா நீ."

"இவனை?"

அதற்குப் பதிலை நீயே சொல்லேன்டா.

மறுபடி எங்கே கூடுவோம், அதற்குள் யார் யார் மிஞ்சுவார்கள், ஒன்றும் தெரியவில்லை. எதுவும் செய்யத் துப்பில்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் பலர் படிப்பார்கள் என்பதால் மற்றவர்கள் பேரை மாற்றிவிட்டேன். உன் பேரை மாற்றி எழுதக் கை வரவில்லை, உள்ளபடி எழுதவும் தைரியமில்லை. அம்மாவுக்குக் காது கேட்கிற காலத்துக்குள், அவள் முன்னால் நின்று, உன் பேரைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் பாடுவேன். எப்போது என்று மட்டும் கேட்காதே.

பேர் போட முடியாத உன்
அக்கா