சார்ஜ் ஏறுகிறது, ஃபைல் ஏறவில்லை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. எழுதுவது என்றால், சொல்வது நான். என் இரண்டு கையிலும் காலர் இருப்பதால் பேனா உன் தங்கையின் கையில் இருக்கிறது. நடுநடுவே அடைப்புக்குறிக்குள் ஏதாவது தென்பட்டால் அது என் வாயிலிருந்து வந்ததல்ல, நம்பாதே. (நம்பு அக்கா.) இங்கே நான், உன் அப்பா, சின்னவள் மூவரும் சுகம், தையல் மெஷின் சுகம், அப்பாவின் முழங்கால்கூட இந்த வாரம் புகார் எதுவும் சொல்லவில்லை. அங்கே உன் உடம்பும் வேலையும் ஒன்றையொன்று கெடுக்காமல் நடக்கட்டும். போன வாரம் நம் பேச்சு பாதியில் அறுந்ததே, அதன் மீதிதான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். என் போன் ரிப்பேர் கடையில் படுத்திருக்கிறது. அப்பாவின் போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே நிற்பார், அவரைப் பற்றிப் பேசும்போது அது எனக்குச் சரிப்படாது. அதோடு போனில் நான் வாயைத் திறந்தால் "ம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை எப்படி வைக்கிறாய் என்று நானும் பார்க்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோபம் வரிசையாக வரும். இத்தனை வருஷமாகப் பேண்ட்டின் நுனியை மடித்துக் கொடுத்தே காலம் தள்ளியவளுக்கு, ஒரு பேண்டு வாத்தியக் குழுவே வந்து வாசலில் நின்றது. இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு கோட். அளவெடுக்கும்போது என் இரண்டு கையும் டேப்பில் இருக்கும், அதனால் நான் எதையும் எழுதி வைப்பதில்லை, போனை அலமாரியில் சாய்த்து ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு மார்பு இத்தனை, தோள் இத்தனை, கை இத்தனை என்று வாயால் சொல்லிக்கொண்டே போவேன். ஆள் படியிறங்கியதும் கடைசியாக உண்மையையும் சொல்லி வைப்பேன். டேப்பைக் கண்டதும் மனிதர்கள் படும் பாடு உனக்குத் தெரியும், தொப்பையை எங்கேயோ ஒளித்துவிட்டு நெஞ்சை மட்டும் முன்னால் அனுப்பி நிற்பார்கள், அந்த அளவுக்குத் தைத்தால் கோட்டுக்குள் நிற்கலாம், உட்கார முடியாது. ஆகவே இவருக்கு ஒரு அங்குலம் கூட்டு, இவருடைய வலது தோள் சோம்பேறி, உள்ளே பஞ்சு வை, இவருக்குக் கழுத்து வைக்க மறந்துவிட்டார்கள், காலரைக் குட்டையாக வெட்டு, இப்படி. எல்லாம் தொழில் குறிப்பு. (தொழில் குறிப்பாம் அக்கா.)

எல்லாரையும் அளந்து முடித்த அன்றே போன் என் கையிலிருந்து நழுவி இஸ்திரிப் பெட்டியின் மேல் விழுந்தது. திரையின் அடிப்பகுதி இரண்டு விரல் அகலத்துக்குச் செத்துப்போனது. மேலே தொட்டால் சொன்னதைக் கேட்கும், அங்கே தொட்டால் கல். ஓடவிடும் பொத்தான், அனுப்பும் பொத்தான் எல்லாம் அந்தக் கல்லுக்கு அடியில்தான் குடியிருக்கின்றன. ரிப்பேர் கடைக்காரரோ, "திரையை மாத்திடலாம், உள்ள இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல டெய்லரம்மா, முதல்ல எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கங்க" என்றுவிட்டார். நல்ல யோசனை. ஆனால் அவர் யார்? அதே பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். அவரைப் பற்றிய தொழில் குறிப்பும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. அழிக்காமல் கொடுத்தால் என் மானம் போகும், அழித்துக் கொடுத்தால் அளவு போகும். பேண்டு மாஸ்டர் வேறு, திங்கட்கிழமை துணியில் கத்திரி படவில்லை என்றால் எதிர்வரிசை ரெடிமேட் கடைக்குப் போய்விடுவேன் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டு அளவைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னால், முதல் பெரிய வேலையே கடைசிப் பெரிய வேலையும் ஆகியிருக்கும்.

கேபிளைச் சொருகினேன். போனில் மின்னல் குறி வந்தது, சார்ஜ் சமர்த்தாக ஏறியது. கம்ப்யூட்டர் மட்டும் பிடிக்காத விருந்தாளி வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பாவின் போனில் உன்னைக் கூப்பிட்டோம். நீ முதன்முதலில் கேட்டது, அதை நான் மறுக்கவில்லை, "கேபிள் ஒழுங்கா இருக்காம்மா?" என்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து உன் அப்பா, "கேபிளுக்கென்ன, குதிரை மாதிரி சார்ஜ் ஏறுது" என்றார். நானும், ஆமாம், குதிரைதான் என்றேன். இந்தப் பழைய போனுக்குப் பொருந்துவது வீட்டில் அது ஒன்றுதான், குதிரையைக் குறை சொல்ல மனம் வருமா? அதன்பிறகு உன் வைத்தியம் ஆரம்பமானது. போனை அணைத்துப் போடு என்றாய், கம்ப்யூட்டரை அணைத்துப் போடு என்றாய். அணைத்துப் போட்டே எல்லாம் சரியாகும் என்றால் உங்கள் கம்பெனியில் சம்பளத்தை ஸ்விட்சுக்கே கொடுத்துவிடலாம். பின்பக்க ஓட்டையில் சொருகு என்றாய். அப்பா மேசையை இழுத்தார், பின்னால் காணாமல்போன என் ஊசி டப்பா, இரண்டு பாபின், சின்னவளின் மதிப்பெண் அட்டை எல்லாம் கிடைத்தன, ஃபைல் கிடைக்கவில்லை. (அட்டை அங்கே எப்படிப் போனது என்பது இன்றுவரை மர்மம்.) திரையை மேலிருந்து இழுத்தால் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வரி வரும், அதைத் தொடு என்றாய். இழுத்தேன், நாளை மழை என்று வந்தது. அப்புறம் செட்டிங்குக்குள் போய் பில்ட் நம்பர் என்ற இடத்தில் ஏழு தரம் தட்டச் சொன்னாய், தட்டினேன், நீங்கள் இப்போது டெவலப்பர் என்று போனே என்னை வாழ்த்தியது. நீ நாலு வருஷம் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டு ஆனதை நான் ஏழே தட்டில் ஆகிவிட்டேன், பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டேன். ஆனால் டெவலப்பர் ஆன பிறகும் ஃபைல் வரவில்லை. கம்ப்யூட்டரில் டிரைவர் என்ற புரோகிராம் இல்லாமல் இருக்கலாம் என்றாய். சின்னவள் அப்பாவிடம் போய், டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார், வந்ததும் கிளம்பிவிடும் என்றாள், மனிதர் கால் மணி நேரம் மானிட்டர் முன் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். (டீ ஆறியிருக்கும்.)

கடைசியில் நீ, "விடும்மா, புதுப் போன் ஒண்ணு அனுப்புறேன், அதை வச்சுக்கோங்க" என்றாய். புதுப் போன் வரும், இருபத்திரண்டு பேருடைய மார்பும் தோளும் எந்தப் பார்சலில் வரும்? அந்த ஆத்திரத்தில்தான், உனக்கு உன் தொழிலே தெரியாது, சும்மா தட்டிக்கொண்டே சம்பளம் வாங்குகிறாய் என்று சொன்னேன். நீயும் "அப்ப நீங்களே பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டாய். பார்த்துக்கொண்டோம். எப்படி என்று கேள்.

நீ வைத்ததும் உன் அப்பா என்னைத் தேற்ற வந்தார். எலக்ட்ரீஷியன் அல்லவா, அவருக்கு ஆறுதல் சொல்ல வராது, அதற்குப் பதில் ஒயரிங் பற்றிப் பேசுவார். இந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று தொடங்கினார். "இந்தக் கேபிளையே எடுத்துக்க. நீளமாத் தரையில புரண்டு உன் மெஷின் பெடல்ல மாட்டுதுன்னு போன மாசம் நான்தான் வெட்டிச் சின்னதாக்கினேன். உள்ள பாத்தா நாலு ஒயர் விட்ருக்கான். கரண்டு போக ஒண்ணு, வர ஒண்ணு, ரெண்டு போதாதா? சிவப்பையும் கறுப்பையும் மட்டும் முறுக்கி டேப் சுத்திட்டேன். பச்சையும் வெள்ளையும் தண்டம், மடக்கி உள்ள தள்ளிட்டேன்" என்று சொல்லிவிட்டு, மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் மாதிரி நின்றார். பிறகு சின்னவள், "அப்பா, அந்தத் தண்டத்துலதான் ஃபைல் போகும்" என்றாள். ஒயருக்குள் கரண்டு போகும், பேச்சுமா போகும் என்று கேட்டார். போன் கண்டுபிடித்த நாளிலிருந்து அதுதானே போய்க்கொண்டிருக்கிறது என்றேன். ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவர், சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரை இருட்டில் உட்கார வைத்திருக்கிறார். அவர் டேப்பைப் பிரித்து, பச்சைக்குப் பச்சை வெள்ளைக்கு வெள்ளை என்று குனிந்த தலை நிமிராமல் முறுக்கிக் கொடுத்தார். சொருகினோம். டொய்ங் என்றது. திரையை மேலிருந்து இழுத்தால் நீ சொன்ன அதே வரி, நீ சொன்ன அதே இடத்தில். தொட்டதும் கம்ப்யூட்டரில் "வாயாடி" என்று ஒரு புதுப் பெயர் வந்து நின்றது. என் போனுக்கு அப்படிப் பெயர் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். (நன்றி.)

எல்லாம் ஏறி முடிந்ததும், சரியாக வந்திருக்கிறதா, ஒன்றைப் போட்டுப் பார் என்றேன். உன் தங்கை ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் திருப்பி, இருபத்திரண்டு பேரில் அந்த ட்ரம்பெட்காரரையே தேடிப் பொறுக்கினாள். (கை தவறி.) என் குரல் தெரு வரைக்கும் போனது. "மார்பு நாப்பது, வயிறு முப்பத்தெட்டு. ஆள் போயாச்சு. முப்பத்தெட்டாவது மண்ணாவது, ட்ரம்பெட் ஊதுற மூச்சு, விடியிற வரைக்கும் பிடிச்சு நிப்பாரு. ஊதுறது ட்ரம்பெட், ஊதியிருக்கிறது வயிறு. ரெண்டு அங்குலம் கூட்டு." திரும்பிப் பார்த்தால் வாசலில் ரிப்பேர் கடைக்காரர். ஒத்திகை முடிந்து போகிற வழியில் போனைத் தானே வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறார், கையில் ட்ரம்பெட் பெட்டி. உன் அப்பா உடனே மேசைக்கு அடியில் இல்லாத ஸ்குரூ ஒன்றைத் தேடப் போய்விட்டார். நான் டேப்பைக் கழுத்தில் போட்டபடி நின்றேன், போனது, வேலையும் போனது, மானமும் போனது என்று எண்ணிக்கொண்டு. அவர் உள்ளே வந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் தூக்கினார். அப்புறம் ஒரு மூச்சு விட்டார் பார், ஜன்னல் திரை ஆடியது. "இதான் டெய்லரம்மா நிஜம். என் வீட்டுலகூட யாருக்கும் காட்டினதில்ல, சீக்கிரம் எடுங்க" என்றார். எடுத்தேன். வயிறு நாற்பத்திரண்டு. நான் கூட்டி வைத்ததே நாற்பதுதான். என் வாய்க்குப் பயந்தவர்கள் பேசிக்கொள்கிற அளவுக்கு நான் ஒன்றும் பொல்லாதவள் இல்லை என்று தெரிந்துகொள், என் தொழில் குறிப்பிலேயே இரண்டு அங்குலம் மரியாதை கலந்திருக்கிறது. அந்த மரியாதைக்குத் தைத்திருந்தால் முதல் பாட்டின் முதல் மூச்சிலேயே பித்தான் தெறித்துப் பெரிய மேளத்தில் போய் விழுந்திருக்கும். அவர் போய் மற்றவர்களிடம் என்ன சொன்னாரோ, திங்கட்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள், ஒருவரும் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. பேண்டு மாஸ்டர் வந்தபோது கத்திரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறேன் என்று போட்டுக் காட்டச் சொன்னார், அது மட்டும் ஏறவில்லை சார், கேபிள் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

ஆக, நீ கேட்ட முதல் கேள்விதான் சரியான கேள்வி. உனக்குத் தொழில் தெரியும். இதை ஒரு தரம்தான் சொல்வேன், சின்னவளே, இரண்டு தரம் எழுதாதே. (உனக்குத் தொழில் தெரியும் அக்கா.) அப்பாவும் தன் பங்குக்கு, கேபிளைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை என்று சொல்லச் சொன்னார். திறந்துகொண்டுதான் இருக்கிறார். அடுத்த முறை வரும்போது நாலு ஒயரும் உள்ள கேபிள் ஒன்று கொண்டு வா, வெட்ட இடமில்லாத அளவுக்குக் குட்டையாகப் பார்த்து வாங்கு. நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது கணக்கில் வராது.

இன்னும் ஒன்று, கோட் வெட்டிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. நீ போனில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்கிறாயே, அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்வதுதான். இத்தனை நாளும் நான் அதில் இரண்டு அங்குலம் கூட்டித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கூட்டல் போதாது என்று இப்போது தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போன் திரும்பி வருகிறது. மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. மூச்சை விட்டுப் பேசு, நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

எடுத்த வேலை எல்லாம் உனக்குக் கைகூடட்டும், குறைவில்லாமல் இரு, தூக்கம் நன்றாக வரட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா