தூரத்துக் குரல் காட்டிய வழி

2004ஆம் ஆண்டு ஜூலை 27, செவ்வாய்க்கிழமை. எனக்கு நேற்றோடு எழுபத்தொன்பது வயது நிறைந்தது.

அன்புள்ள சிக்னி, அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும், இந்த வயதில் எதை நலம் என்று ஒப்புக்கொள்ளலாமோ அந்த அளவில் நலமாகவே இருக்கிறோம். டாஸ்மேனியாவின் குளிரில் நீயும் குழந்தைகளும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்களாக. இங்கே வெயில் இறங்கவே இல்லை, சென்ற வாரம் பெய்த ஆலங்கட்டி மழை என் தக்காளிச் செடிகளில் பாதியை அடித்துப் போட்டது, மீதியை மான் தின்றது. பிறந்தநாளுக்கு உன் சித்தப்பா மகன் கர்ட்டிஸ் கடையில் வாங்கிய கேக்கோடு வந்தான், அதன் மேலிருந்த நீலப் பூச்சால் இன்று காலை வரை என் நாக்கு நீலமாக இருந்தது, அவனை வாழ்த்திவிட்டு மிச்சத்தைக் கோழிகளுக்குப் போட்டேன், அவையும் யோசித்துத்தான் தின்றன. முழங்கால் வலிக்கிறது, விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன, ஆகையால் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். மிகவும் களைப்பாக இருக்கிறது. ஆயினும் இந்தக் கடிதத்தை நாளைக்கென்று தள்ளிவைக்க முடியாது.

ஞாயிறன்று தொலைபேசியில் நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். நகரத்து முதியோர் இல்லத்தில், மறதி நோயாளிகளுக்கென்று கதவைப் பூட்டி வைத்திருக்கும் பகுதியில், உன் அப்பாவுக்கு ஒரு கட்டில் பேசி வைத்திருக்கிறாய். செப்டம்பர் முதல் தேதி கர்ட்டிஸ் வந்து அவரை அழைத்துப் போவான். நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். உனக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அம்மா, நான் ஒண்ணு கேட்டா அப்பா அரை நிமிஷம் கழிச்சு வேற எதையோ சொல்றாரும்மா, உனக்கு ஏன் அது கண்ணுல படமாட்டேங்குது என்று நீ அழுதாய். மற்றொன்று, பத்து நாளுக்கு முன் ஹாம் ரேடியோவில் பேசிக்கொள்கிறவர்களின் மாநாட்டுக்குப் போகும் வழியில் அவர் தொலைந்துபோய், சோளக்காட்டு ஓரத்தில் தன் பெயரும் கிழமையும் தெரியாமல் நின்றார் என்று கர்ட்டிஸ் உனக்குச் சொன்னது. கர்ட்டிஸ் அங்கே இல்லை. நான் இருந்தேன், குறைந்தபட்சம் பக்கத்தில் இருந்தேன், எனவே நடந்ததை நான் சொல்கிறேன்.

விடியுமுன் புறப்பட்டோம், ஐந்து மணி நேரப் பயணம், நாற்பது ஆண்டுகளாகப் போகிற அதே சாலை. உன் அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில் மடியில் வரைபடமும், காலடியில் காபிக் குடுவையும், என் இடக்கை வழக்கம்போல் அவர் முன்கையிலுமாக உட்கார்ந்திருந்தேன். ஆற்றுப் பாலம் இடித்துக் கட்டப்படுவதால் மாற்று வழி என்று ஒரு பலகை இருந்தது, அந்த மாற்று வழிக்கும் ஒரு மாற்று வழி வைத்திருந்தார்கள், அதன்பின் பலகைகளே இல்லை. வரைபடம் 1988ஆம் ஆண்டினது. அதைத் தூக்கிப் போடாததற்கு நீ யாரைக் குறை சொல்ல விரும்பினாலும் அது நான்தான். இரண்டு பக்கமும் ஆளுயரச் சோளம், சாலை நேர்கோடு, கேட்க ஒரு மனிதர் இல்லை. ஆனால் மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லவென்றே ஒருவர் காலை முதல் வானொலியில் உட்கார்ந்திருப்பார் என்பது, நம் ரேடியோப் பெட்டியைத் தொடவே வெட்கப்பட்டு வளர்ந்த உனக்கும் தெரியும். வண்டியிலிருக்கும் ரேடியோவின் ஒலிவாங்கியை எடுத்து, மாநாட்டுக்கு வழி சொல்கிறவர் யாரேனும் இருக்கிறீர்களா என்று கேட்டேன். உடனே பதில் வந்தது, பக்கத்து வயலிலிருந்து பேசுவதைப் போலத் தெளிவான குரல், பெயர் ஃபிளாய்ட்.

வாங்கம்மா வாங்க, எங்க இருக்கீங்க, இடப்பக்கம் பெரிய தானியக் கிடங்கு தெரியுதா என்றார். தெரிந்தது. அதைத் தாண்டினா தண்ணித் தொட்டி, அங்க வலது பக்கம் திரும்புங்க என்றார். தொட்டி இருந்தது, திரும்பினோம். அடுத்தாப்புல வெள்ளைச் சர்ச், அதுக்கு எதிர்ல பூட்டிக் கிடக்கிற பெட்ரோல் பங்க், ரெண்டு மைல் போயி சரளை ரோட்டுல இறங்குங்க என்றார். சர்ச் இருந்தது, பூட்டிய பெட்ரோல் பங்க்கும் அவர் வாக்குத் தவறாமல் அங்கேயே இருந்தது. சரளைச் சாலை ஒரு பன்றிப் பண்ணையின் வாசலில் முடிந்தது. இப்ப எங்க ஆன்டெனா கம்பம் உங்க கண்ணுல படணுமே, வண்டிங்க வரிசையா நிக்குமே என்றார் ஃபிளாய்ட். எனக்குப் பன்றிகள்தாம் தெரிகின்றன, அவையும் வரிசையில் இல்லை என்றேன். பிறகு மெல்ல, ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க எந்த மாநிலத்துல இருக்கீங்க என்று கேட்டார். தெற்கு டகோட்டா என்றேன். ஐயையோ, நான் மிசௌரியில இருக்கேன் தாயே என்றார்.

பௌதிகத்தில் பட்டம் பெற்று, முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் அதைக் கற்பித்த நான், நானூறு மைலுக்கு அப்பாலிருந்த இன்னொரு மாநாட்டுக்காரரின் சொல் கேட்டு, அவருடைய ஊருக்கான வழியை வைத்தே எங்கள் ஊர்களைக் கடந்திருக்கிறேன். கோடைக் காலையில் காற்று அடுக்கடுக்காகப் படிந்து, உள்ளூரைத் தாண்டாத அலையையும் ஒரு குழாய்க்குள் போட்டதைப் போலத் தொலைவுக்குக் கொண்டுபோகும். இதை நான் கரும்பலகையில் வரைந்தே விளக்கியிருக்கிறேன். நாட்டில் பாதி மாநாடுகள் ஒரே அலைவரிசையில் வழி சொல்லுகின்றன, இந்தச் சமவெளியில் எல்லா ஊர்களையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள், என்னுடைய மூளை பன்றிகளைக் காணும்வரை விழிக்கவில்லை. வழி தவறியது நான், சிக்னி. உன் அப்பா நான் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினார், அவ்வளவே.

மிசௌரி என்று அவருக்குத் தெரிந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை, வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஏய் ஆர்டி, வானம் தொறந்திருக்குடி, மாநாடு கெடக்குது கழுத, இந்த மாதிரி ஒரு காலை இனி எப்ப வரும் என்று வண்டியின் பின்பெட்டியைத் திறந்து, தச்சரின் அளவு நாடாவை வெட்டிச் செய்த தன் ஆன்டெனாவை வேலியில் கட்டினார். ஃபிளாய்டிடம் மோர்ஸ் தந்திமொழிக்கு மாறச் சொல்லச் சொன்னார், சொன்னேன். தந்தி தட்டும் சாவியைத் தொடையில் கட்டிக்கொண்டு, இன்னொரு கையின் விரல் நுனிகளை ஒலிபெருக்கியின் கூம்பின் மேல் வைத்து, கண்ணை மூடியபடி நின்று பேச ஆரம்பித்தார். அவருடைய எண்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்து நெடுநாள் ஆயிற்று. இனி இவருக்கு நான் தேவையில்லை என்று கண்டு, ஐந்து மணி நேரக் காபியின் விளைவைத் தீர்க்கச் சோளக்காட்டுக்குள் போனேன்.

அந்த வேளை பார்த்துத்தான், பண்ணைக்காரர் கூப்பிட்டு, ஷெரிஃப் அலுவலகத்துப் போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், உதடே தெரியாத அளவுக்கு அடர்ந்த மீசை. உன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, தாத்தா, என்ன பண்றீங்க இங்க என்றார். பதிலில்லை. முன்னால் வந்து, உங்க பேரு என்ன தாத்தா என்றார். நானூத்திப் பத்து மைலு, வெறும் பத்து வாட்டுல என்றார் உன் அப்பா. இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாப்போம் என்றார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், கம்பியில படுறீங்க என்றார் உன் அப்பா. நான் இதையெல்லாம் மூன்று வரிசைக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் குந்திய இடத்திலிருந்து எழ என் முழங்காலுக்கு அவகாசம் வேண்டும், எழுந்து வருவதற்குள் அந்தப் போலீஸ்காரர் முடிவு கட்டிவிட்டார். பாவம்மா நீங்க, எத்தனை நாளா இப்படி இருக்காரு என்று என் தோளைத் தட்டினார். வண்டியில் ஒட்டியிருந்த அவசர எண் கர்ட்டிஸுடையது, அதைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மாநாட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில இருந்து தொண்டை வத்தக் கூப்பிட்டேனே, எந்த ஊரு சோளத்த எண்ணிட்டு இருந்தீங்க என்றார் வழி சொல்ல உட்கார்ந்திருந்த மெர்ல். மீந்திருந்த, பழம் வைத்துச் சுட்ட பண்டத்தில் ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டுத் திரும்பினோம்.

இனி, மூன்று ஆண்டுகளாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த செய்தி. உன் அப்பாவுக்குக் காது கேட்காது. மந்தம் அன்று, சிக்னி. இரண்டு காதிலும் ஒன்றுமே கேட்காது. 2001இல் வந்த அந்தக் காய்ச்சல் நரம்பைத் தின்றுவிட்டது, காதுக் கருவியால் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எதிரே நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறார். தொலைபேசியில் உதடு இல்லை. ஞாயிறுதோறும் நீ சொல்வதை நான் கேட்டு, நீ பன்னிரண்டு வயதில் கற்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்ட அந்தத் தந்திமொழியில், குறிலும் நெடிலுமாக, அவர் முன்கையில் என் விரலால் தட்டுகிறேன். அதற்குத்தான் உனக்கு அந்த அரை நிமிடம். இந்த வாரம் விரல் வீங்கியதால் நீ மூன்றாம் கேள்விக்குப் போனபோது நான் முதல் கேள்வியில் இருந்தேன், எனவே எந்தச் சாலையில் போனீர்கள் என்று நீ கேட்டதற்குத் தக்காளியைப் பற்றிப் பதில் வந்தது. நீ இங்கே வந்திருந்தபோது, இந்த வயசுலயும் கையப் பிடிச்சுட்டே உக்காந்திருக்கீங்களே என்று உருகினாயே, அது காதல் அன்று, மொழிபெயர்ப்பு. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் வாக்கு வாங்கினார். பொண்ணு உலகத்தோட அந்தக் கோடியில இருக்கா, அவகிட்டருந்து வர்றது குரல் ஒண்ணுதான், அதுவும் எனக்கு வந்து சேரலைன்னு அவளுக்குத் தெரிய வேணாம் என்றார். வாக்கைக் காப்பாற்றினால் அவர் பூட்டிய கதவுக்குள் போக வேண்டும், அங்கே அவர் கையில் தட்ட ஒருவரும் இருக்க மாட்டார்கள், ஆகவே உடைத்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லாததற்குக் காரணம், நான் பேசும்போது அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கட்டிலைப் பற்றி அவருக்குத் தெரியாது, அந்த வாக்கியத்தை நான் தட்டவில்லை.

கட்டிலை வேண்டாமென்று சொல்லிவிடு. கர்ட்டிஸிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஞாயிறன்று கூப்பிடும்போது வாக்கியங்களைச் சிறியதாக வை, ஒன்று கேட்டால் பதில் வரும்வரை பொறு, என் விரலுக்கும் எழுபத்தொன்பது வயது. கடவுள் உன்னையும் குழந்தைகளையும் காக்கட்டும், அவர்களைக் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே விடாதே. நீளமாக எதையேனும் சொல்லியே தீர வேண்டுமானால் சொல், தட்டுகிறேன். சென்ற கிறிஸ்துமஸ் அன்று, ரேடியோவ அக்கக்காப் பிரிச்சு எனக்குக் காட்டின அப்பா வேற யாருக்கும் இல்ல, அத நான் ஒரு தடவகூடச் சொன்னதில்ல என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினாய், அதில் ஒரு சொல்லையும் நான் சுருக்கவில்லை. முடித்துவிட்டு, பேச்சையே காணோமே, அப்பா தூங்கிட்டாரா என்று கேட்டாய், ஆமாம் என்றேன். தூங்கவில்லை. முதலிலிருந்து இன்னொரு முறை தட்டச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஆர்டிஸ் டொலெஃப்சன்